பெரம்பலூர், அரியலூர் வட்டார வீட்டு உணவும் பழங்களும்: ஒரு வரலாறு

முன்னுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழைய வீட்டு உணவு மூன்று தூண்களின் மேல் நின்றது. ஒன்று, வரகு, கம்பு, சோளம், கேழ்வரகு போன்ற புன்செய்த் தானியங்கள். இரண்டு, கொல்லையிலேயே கிடைத்த கீரை, பயறு, சின்ன வெங்காயம், கத்தரி முதலியவை. மூன்று, ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் பருவந்தோறும் பழுத்த பழங்கள். இம்மூன்றும் உண்பவரின் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே விளைந்தன.

இன்றும் இவ்வட்டாரம் தானியம் விளைவிக்கிறது, பழமும் விளைவிக்கிறது. ஆனால் விளையும் தானியத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. பழத்தில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகுகிறது. விளைவதும் உண்பதும் எப்போது, எப்படிப் பிரிந்தன, அந்தப் பிரிவால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரமும் மண்ணும்

இரு மாவட்டங்களும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. 1995 நவம்பர் 1 அன்று பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001 இல் அரியலூர் பிரிந்தது. 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. நிர்வாகக் கோடுகள் இவ்வாறு மாறினாலும், மண்ணும் மழையும் வகுத்த உணவு எல்லைகள் மாறவில்லை.

தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை. இவற்றுக்கு இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் மானாவாரி. கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா.பழூர் பகுதிகளில் வண்டல் மண்ணும் வாய்க்கால் பாசனமும் உண்டு. அங்கே நெல் விளையும். பெரம்பலூர், குன்னம், ஆலத்தூர்ப் பக்கம் கரிசல் மண் மிகுதி. அங்கே சோளம், கம்பு, வரகு, பருத்தி, வெங்காயம் விளைந்தன. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண். அங்கே கம்பும் நிலக்கடலையும் முந்திரியும் செழித்தன. பச்சைமலையில் பலாவும் மரவள்ளியும் விளைந்தன. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் 'நெல்லுச் சோற்று ஊர்', 'சோளச் சோற்று ஊர்' என்ற வேறுபாடு இருந்தது. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் இதைப் பேசிய பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சோழர் காலத்தில் உணவும் பழமும்

முதலாம் இராசேந்திர சோழன் பதினோராம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர் அடுத்து வந்த சோழ மன்னர்களுக்கும் தலைநகராக விளங்கியது. அக்கால உணவைப் பற்றி அறியக் கோயில் கல்வெட்டுகள் நமக்குத் துணை செய்கின்றன.

இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அரிசி, பருப்பு, மிளகு, சீரகம், கடுகு, புளி, நெய், தயிர், சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு ஆகியவை அளவோடு குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு கணக்கு மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். அதற்காக மன்னன் 360 காசை வணிகர்களிடம் முதலாக வைத்தான். ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. எனவே 360 காசுக்கு வட்டி 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்ற விலையில் 45 காசுக்கு 54,000 பழம் கிடைக்கும். அதை 360 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 150 பழம். முதல் குறையாது, பழமும் தவறாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழத்தை நாள்தவறாமல் வேண்டிய பொருளாகக் கருதி, அதற்கென நிலையான முதலீடு செய்திருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் (ஆட்சி 1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில் உள்ளது. அது 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கு ஊதியமும், நோயாளிகளுக்கு நாள்தோறும் அரிசியும் ஒதுக்கப்பட்டிருந்தன. கடுக்காய் முதலிய மூலிகைகளால் செய்த மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு. உணவும் மருந்தும் ஒரே கணக்கில் எழுதப்பட்டமை கவனிக்கத்தக்கது.

ஆனால் கோயில் மடைப்பள்ளியின் உணவை ஊர் மக்கள் அனைவரின் உணவாகக் கொள்ளக்கூடாது. கல்வெட்டில் நெல் மிகுதியாக வருவதற்குக் காரணம், வரியும் கொடையும் நெல்லாக அளக்கப்பட்டதுதான். ஆற்றுப் பாசனம் எட்டாத புன்செய் ஊர்களில் உழவர் வீட்டு அடுப்பில் கொதித்தது சிறுதானியமே. இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடங்களும் உண்டு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் உழவர்கள் தம் விளைச்சலில் ஒரு பகுதியைத் தானியமாகவே காணிக்கை செலுத்துவது வழக்கம். பெரம்பலூர் அருகே செட்டிகுளம் தண்டாயுதபாணி கையில் கரும்பு ஏந்தி நிற்கிறார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் பச்சரிசியை அங்கேயே இடித்து, வெல்லம் சேர்த்து, மாவிளக்கு ஏற்றுவது பெயர் பெற்ற வேண்டுதல். விளைந்ததை உடனே, புதிதாக, கலப்பின்றி உண்ணுவதே சிறப்பு என்ற எண்ணம் இவ்வழக்கங்களில் தெரிகிறது.

கடல் கடந்து வந்தவை

நம் பாரம்பரிய உணவு என்று நாம் நினைக்கும் பல பொருள்கள் கடந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குள் வந்தவை. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி, தக்காளி, மக்காச்சோளம் ஆகியவை அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய பழங்களும் அப்படியே. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையில் இறக்கிய செடிகளுள் முந்திரியும் ஒன்று. பிரேசில் நாட்டிலிருந்து வந்த அம்மரம் மண்ணரிப்பைத் தடுக்க நடப்பட்டு, பின்னர் கிழக்குக் கரைச் செம்மண் நிலங்களுக்கும் பரவியது. இன்று கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி, விருத்தாசலம் முதல் அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை வரை முந்திரிக் காடுகள் தொடர்கின்றன.

மிளகாய் வருமுன் காரத்துக்கு மிளகுதான். தக்காளி வருமுன் புளிப்புக்குப் புளியும் மாங்காயும். எனவே வீட்டு உணவு எக்காலத்திலும் அப்படியே இருந்தது என்று சொல்வதற்கில்லை. நல்லது வெளியிலிருந்து வந்தபோது நம் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதைத் தம் கொல்லையில் நட்டார்கள். மாற்றம் வந்தது என்பதல்ல, நட்டதைத் தின்றார்கள் என்பதே அன்றைய மாற்றத்துக்கும் இன்றைய மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு.

வரகுச் சோறும் கம்பங்கூழும்

இவ்வட்டாரத்தின் முதன்மையான புன்செய்ப் பயிர்களுள் வரகும் ஒன்று. குறைந்த மழையிலும் விளையும். உமி நீக்காமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. கோயில் கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பும் வழக்கம் இதனால் வந்ததே. தாது ஆண்டுப் பஞ்சம் (1876–78) போன்ற கொடுங்காலங்களில், குதிரில் இருந்த பழைய தானியமே ஒரு குடும்பம் பிழைப்பதா இல்லையா என்பதை முடிவு செய்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதாரண உழவர் வீட்டின் ஒரு நாள் உணவு ஏறத்தாழ இப்படி இருந்தது. காலையில் முந்தைய நாள் சோற்றின் நீராகாரம், அல்லது மோர் கலந்த கம்பங்கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். நண்பகலில் வயலுக்குச் செல்லும் தூக்கில் சோளச்சோறு, கீரைக் கடைசல் அல்லது கருவாட்டுக் குழம்பு. இரவில் வரகுச் சோறு அல்லது கேழ்வரகுக் களி, பருப்பு, கத்தரிக்காய். எண்ணெய் குறைவு, இனிப்பு அரிது. நெல்லுச் சோறு தீபாவளி, பொங்கல், விருந்தினர் வருகை, நோய் ஆகியவற்றுக்கு உரியது.

இவ்வுணவைப் புகழும்போது அதன் பின்னிருந்த உழைப்பை மறக்கக்கூடாது. வரகின் உமி கெட்டியானது. அதை மண் பூசிய திருகையில் அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். இந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் தெருவில் கேட்ட உலக்கைச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பு அவர் இறக்கும்வரை மறையவில்லை. அறுவடையின்போது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் மயக்கமும் வாந்தியும் வரும் என்பதும் ஊரறிந்த செய்தி. பழைய உணவு சத்தானது, ஆனால் எளிதானதன்று. இதைச் சொல்லாமல் பழமையைப் போற்றினால், பெண்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்பது நமக்குப் புரியாது.

ஏரிக்கரைப் பழங்களும் வேலியோரப் பழங்களும்

அக்காலத்தில் பழம் என்பது கடையில் வாங்கும் பொருள் அன்று. நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் மட்டுமே வாழைப்பழம் விலைக்கு வாங்குவார்கள். மற்ற பழங்களுக்கு விலை இல்லை. பருவம் மட்டுமே உண்டு.

தை, மாசி மாதங்களில் இலந்தை. பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிப்பழம், மாம்பழம், பலா, நுங்கு. ஆனி, ஆடியில் ஏரிக்கரை நாவல். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு விளாம்பழம். மழைக்காலத்தை ஒட்டிச் சீத்தாப்பழம். ஐப்பசிக்குப் பிறகு நெல்லிக்காய், மார்கழிக் குளிரில் கொய்யா. இடையிடையே வேலியில் காரைப்பழம், சூரைப்பழம், கள்ளிப்பழம், கோவைப்பழம். இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தின்றவர்கள் ஆடு மேய்க்கும் சிறுவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான்.

நான் பணியில் சேர்ந்த 1980களில், ஆடி மாதம் வகுப்பறைக்குள் நுழைந்தால் பாதிப் பிள்ளைகளின் நாக்கு ஊதா நிறமாக இருக்கும். வெள்ளைச் சட்டையில் நாவல் கறை போகாது என்று தாய்மார் திட்டுவார்கள். ஓய்வு பெறும் காலத்தில் அந்தக் கறையைப் பார்க்க முடியவில்லை. ஏரிக்கரை மரங்கள் சில சாலை விரிவாக்கத்தில் போயின, சில பட்டுப்போயின, நின்றவற்றின் அடியில் பழம் உதிர்ந்து கிடந்தது. பிள்ளைகளின் கையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் இருந்தன.

குன்னூரில் தொடங்கிய உணவு ஆய்வு

நம் உணவைப் பற்றிய அறிவியல் ஆய்வு தமிழ்நாட்டிலேயே தொடங்கியது என்பது பலர் அறியாதது. 1918 இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயை ஆராயச் சிறு ஆய்வகம் ஒன்றை அமைத்தார். அதுவே வளர்ந்து 1958 இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

பெரிபெரி, தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. நன்கு தீட்டிய பச்சரிசியையே உண்பவர்களிடம் அது மிகுதி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. ஆகவே புழுங்கலரிசி உண்ட தமிழகப் பகுதிகள் அந்நோயிலிருந்து பெருமளவு தப்பின. நெல் அவிக்கும் அண்டாவின் முன் நின்ற பெண்கள் இந்த விளக்கத்தை அறியாமலேயே தம் குடும்பத்தைக் காத்தார்கள்.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம் ஆகியவை கொண்ட வடமேற்கு மாகாண உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. பாலும் காயும் பழமும் குறைந்த அரிசி உணவைத் தின்றவை மெலிந்தன. பின்னர் அங்கு இயக்குநராக இருந்த ஆக்ராய்டு, 1937 இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக வெளியிட்டார். அரிசி தீங்கானது என்பதன்று இவ்வாய்வுகளின் பாடம். அரிசியோடு காயும் பழமும் பருப்பும் சேராவிட்டால் அது குறையுள்ள உணவு என்பதே.

அரிசியின் வருகையும் சமூக மாற்றமும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வட்டாரத்தின் அடுப்பு மாறியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. மின்சாரமும் கிணற்றுப் பாசனமும் வந்தன. ஊருக்கு ஊர் அரவை ஆலை வந்தது. ஆனால் அது நெல்லுக்கான ஆலை, வரகுக்கானதன்று. 1960களின் நடுவில் தொடங்கிய பசுமைப் புரட்சி நெல் விளைச்சலைப் பெருக்கியது. 1967 இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. பின்னர் நியாயவிலைக் கடைகள் சிற்றூர்களுக்கும் அரிசியைக் கொண்டு சேர்த்தன. 2008 செப்டம்பர் 15 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தது.

பள்ளிகளிலும் உணவு வந்தது. 1920 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கிய முயற்சி, 1950களில் காமராசரின் மதிய உணவுத் திட்டமாக விரிந்தது. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிராப்பள்ளி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் அதே மாவட்டத்தில் இருந்தன. பின்னாளில் முட்டை சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்தது.

இம்மாற்றத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால் பசியால் வகுப்பில் சுருண்டு படுத்த பிள்ளைகளைப் பார்த்த எவரும் அவ்வாறு கூற மாட்டார்கள். நெல்லுச் சோறு என்பது வெறும் தானியம் அன்று, அது மதிப்பு. பண்டிகைக்கு மட்டும் நெல்லுச் சோறு கண்ட கூலித் தொழிலாளியின் வீட்டில் அது நாள்தோறும் பொங்கியது பெரிய சமூக வெற்றி. பெண்களின் கையிலிருந்து உலக்கை இறங்கியதும் வெற்றியே.

இழந்தது என்ன? தட்டில் சோறு கூடியது. அதைச் சுற்றியிருந்தவை குறைந்தன. கம்பும் கேழ்வரகும் போனபோது அவற்றோடு இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் போயின. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு. கொல்லை மனையாகி வீடாகியது. கீரைப் பாத்தி இல்லை. பழம் பருவத்திலிருந்து கடைக்குப் போனது. கடைக்குப் போனதால் விலை வந்தது. விலை வந்ததால் ஏழை வீட்டுப் பட்டியலிலிருந்து பழம் நீங்கியது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்: மக்காச்சோளமும் முந்திரியும்

பெரம்பலூர் மாவட்டம் இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோள விளைச்சலில் முன்னணியில் நிற்கிறது. சின்ன வெங்காயத்திலும் பருத்தியிலும் அதற்குப் பெயர் உண்டு. வரகும் கம்பும் விளைந்த கரிசல் காட்டில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. உழவருக்குக் கையில் பணம் வருகிறது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய தானியம் வெளியிலிருந்தே வர வேண்டும். 2018 இல் படைப்புழு தாக்கியபோது ஒரே பயிரை நம்பியவர்கள் பட்ட பாடு இவ்வட்டாரத்தார் அறிந்ததே. கலப்புப் பயிராகத் துவரையும் அவரையும் எள்ளும் இருந்த பழைய காட்டில், ஒன்று போனாலும் ஒன்று நின்றது.

இரண்டாவது எடுத்துக்காட்டு முந்திரி. கொட்டை வெளியே தொங்க, மஞ்சளாகவும் சிவப்பாகவும் பழுக்கும் அப்பகுதியை நாம் பழம் என்கிறோம். அதில் உள்ள சி உயிர்ச்சத்து ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அது பறித்த ஒரு நாளிலேயே இளகிவிடும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தொண்டையைக் கமறச் செய்யும். எனவே கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுகிறோம். சித்திரை மாதத்தில் ஆண்டிமடம் பக்கம் பேருந்தில் சென்றால் அந்த இனிப்புக் கலந்த அழுகல் மணம் சன்னல் வழியே வரும்.

எங்கள் பாட்டி அதை எறியவிடமாட்டார். நன்கு பழுத்து உதிர்ந்த பழத்தைக் கழுவி, வட்டமாக நறுக்கி, உப்பு நீரில் சற்று நேரம் ஊறவைத்துக் கொடுப்பார். கமறல் வெகுவாகக் குறைந்துவிடும். சாற்றில் சிறிது கஞ்சித் தண்ணீரைக் கலந்து தெளியவைத்து வடிக்கும் முறையும் உண்டு. கஞ்சியிலுள்ள மாவுப் பொருள் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும். உலகின் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பருப்பு நம் பிள்ளைகளுக்கு எட்டாத விலையில் இருக்கலாம். பழம் எட்டும் இடத்தில்தான் விழுகிறது.

புதிய பழங்களின் பயன்கள்

பழத்தால் என்ன நன்மை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முதன்மையானவை வருமாறு.

முதலாவது, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுதல். கீரை, பயறு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. அதே வேளையில் சி உயிர்ச்சத்துள்ள பழம் உண்டால் அது சேரும் அளவு கூடுகிறது. மாறாக, சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறைகிறது. காலை வழிபாட்டில் நிற்க முடியாமல் மயங்கி விழும் வளரிளம் பெண்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மருத்துவப் பரிசோதனையில் அவர்களுள் பலருக்கு இரத்தசோகை என்று தெரியவரும். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ சேர்ந்தால் பயன் கூடும்.

இரண்டாவது, நார்ச்சத்து. மலச்சிக்கலைத் தடுக்கும், சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறச் செய்யும். இது முழுப் பழத்தில் உண்டு. வடிகட்டிய சாற்றில் பெரும்பாலும் இல்லை. எனவே சாறு பிழிந்து சர்க்கரை போட்டுக் குடிப்பது பழம் உண்பதற்கு ஈடாகாது.

மூன்றாவது, சமைக்காத உணவின் சிறப்பு. சி உயிர்ச்சத்து வெப்பத்திலும் காற்றிலும் அழியும். நீரில் கரைந்து போகும். பழத்தைப் பச்சையாக உண்பதால் அது முழுமையாகக் கிடைக்கிறது. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளது. விலை உயர்ந்த வெளிநாட்டு ஆப்பிளில் அதில் சிறு பங்குகூட இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்கிறது. நம்மில் பலர் பொரியல் ஒரு கரண்டியோடு முடித்துக்கொள்கிறோம்.

நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கொய்யா, நாவல், நெல்லி போன்றவற்றை அளவோடு, சாப்பாட்டின் மேல் சாப்பாடாக அல்லாமல், மருத்துவரிடம் கேட்டு உண்ணலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பழத்தையும் கூட்டக்கூடாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. பருவத்துக்கு முன்பே சந்தைக்கு வரும், சீராக மஞ்சள் பூசியது போன்ற மாம்பழத்தைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் செய்யத்தக்கவை

பழையபடி உரலுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உமி நீக்கிய வரகு, சாமை, தினை ஆகியவை இன்று கடையில் கிடைக்கின்றன. 2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அவற்றின் பெயர் பரவியுள்ளது. வாரத்தில் இரண்டு நாள் மாற்றினாலே போதும்.

வரகுச் சோறு: வரகரிசி ஒரு பங்கைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைக்கவும். இரண்டரைப் பங்கு நீரைக் கொதிக்கவைத்து, உப்புடன் வரகரிசியைச் சேர்த்து, மிதமான தீயில் மூடி வேகவைக்கவும். நீர் வற்றியதும் இறக்கிப் பத்து நிமிடம் மூடியே வைத்தால் பொலபொலவென்று வரும். கீரைக் கடைசல் அல்லது கத்தரிக்காய்க் குழம்பு பொருத்தம்.

பழத்துக்கு ஒரே விதி: அந்த மாதத்தில் அருகில் விளையும் பழம் எதுவோ அதை வாங்குக. ஆடியில் நாவல், மார்கழியில் கொய்யா என்று வாங்கினால் விலையும் குறைவு, பழமும் புதியது. முழுப் பழமாக வாங்கிக் கழுவி உண்ண வேண்டும். சாலையோரம் நறுக்கித் திறந்து வைத்ததைத் தவிர்க்க வேண்டும். வீட்டின் பின்புறம் பத்தடி இடம் இருந்தால் ஒரு பப்பாளி, ஒரு முருங்கை. பாத்திரம் கழுவும் நீரே போதும். பள்ளி வளாகத்தில் ஒரு நெல்லி, ஒரு கொய்யா, ஒரு நாவல் நட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் பிள்ளைகள் கல்லெறியத் தொடங்குவார்கள். அதைத் தடுக்க வேண்டாம்.

நிறைவுரை

கோயிலுக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் தவறாமல் வர வேண்டும் என்று கணக்கிட்டு முதல் வைத்தவர்கள் வாழ்ந்த நாடு இது. வானம் பார்த்த பூமியில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பழத்தை அறிந்து வைத்திருந்த ஊர்கள் இவை. வறுமையும் பெண்களின் கடும் உழைப்பும் கலந்த அந்தக் காலம் திரும்ப வேண்டியதில்லை, திரும்பவும் திரும்பாது. ஆனால் அதிலிருந்த ஓர் அறிவை மட்டும் மீட்டுக்கொள்ள முடியும். நம் மண்ணில் விளைவதில் ஒரு பங்கு முதலில் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வர வேண்டும் என்பதே அது. இதைப் படிக்கும் மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வைக்கலாம்: நீங்கள் சிறுவயதில் தின்ற பழங்கள் எவை? அந்த மரங்கள் எங்கே நின்றன? அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மழைக்கு முன் ஒரு மரமாவது நடலாம்.